பதில்: தம்பலகாமத்தில் வெட்டிய சீமைக்கிளுவை தளிர்க்கவில்லை

வேலியில் நின்ற சீமைக்கிளுவையை (கிளிரிசிடியா மரம்) வெட்டியபின் தளிர்க்கவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அடிக்கட்டைகளைத் தோண்டி எடுக்க வேண்டாம், முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். கத்தியால் பட்டையை விரல்நகம் அளவு சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் மழை விழத் தளிர்க்கும். மண்ணிறமாகக் காய்ந்திருந்தால் அந்த இடத்தில் புதுத் தடிதான் நட வேண்டும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் விறகுக்காக ஜூலையில் தரையோடு வெட்டியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். தரையோடு வெட்டினால் தளிர்விட மொட்டு குறைவு, வெட்டுவாய் வெயிலில் வெடிக்கும், கறையானும் ஏறும். வந்த ஒன்றிரண்டு தளிரை ஆடு கடித்துவிடும் (திருகோணமலைப் பக்கம் ஆடு மாடு கட்டாக்காலியாகத் திரிவது தெரிந்ததுதானே).

இனி இடுப்பளவு, கிட்டத்தட்ட 1 மீற்றர் உயரத்தில், கூரான கத்தியால் சரிவாக வெட்டுங்கள். செப்டெம்பர் கடைசி நல்லது, பின்னாலேயே மாரி மழை வரும். இலையையும் சிறு கொப்பையும் அடியிலேயே போடுங்கள். தழைச்சத்து அதில்தான் இருக்கிறது.

ஒன்று: விறகு எரியும்போது வெளிவரும் கரியமில வாயுவை மறுபடி உறிஞ்சுவது புதுத் தளிர்தான். கட்டை செத்தால் வெளிவந்ததும் உறிஞ்சியதும் சரியாகும் அந்தக் கணக்கு தவறிவிடும். வேலி மரத்துக்குத்தான் இதெல்லாம். அரசின் ஒதுக்குக் காட்டில் வெட்ட வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.