உச்சரிப்புக்கு எத்தனை மார்க்?

அன்புள்ள ஐயா,

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மூன்று வருடமாக ஜூனியர் வழக்கறிஞராக இருக்கிறேன். பா.ஜ.க.வில் இருந்த விக்டோரியா கௌரி நீதிபதியாகிவிட்டார். பிரதமரை விமர்சித்த கட்டுரையைப் பகிர்ந்தார் என்று வழக்கறிஞர் ஜான் சத்யன் பெயர் நின்றுபோனது. அமெரிக்கா போல வழக்கறிஞர் சங்கமே தகுதியை மதிப்பிட்டால் இந்தச் சார்பு ஒழியுமா? என் சீனியர் ஃபேஸ்புக் பதிவுகளை அழிக்கச் சொல்கிறார். அழிக்கட்டுமா?

(பெயர் வேண்டாம்)
ஒத்தக்கடை

அன்புள்ள தம்பி,

வழக்கறிஞர் சங்கமா? சங்கத் தேர்தல் நடக்கும்போது நீங்கள் ஊரில் இருப்பதில்லையா?

சரி, அமெரிக்காவுக்கே போவோம். அங்கே வழக்கறிஞர் சங்கம் 1953லிருந்து இந்த வேலையைச் செய்கிறது. நேர்மை, தொழில்திறன், நீதிபதிக்குரிய சுபாவம் என்று மூன்றைப் பார்க்கும். 1987இல் அதிபர் ரீகன் ராபர்ட் போர்க்கை உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். 15 பேர் குழுவில் 10 பேர் ‘மிகத் தகுதியானவர்’ என்றார்கள், 4 பேர் ‘தகுதியற்றவர்’ என்றார்கள். மனிதர் யேலில் சட்டம் நடத்தியவர், அப்பீல் நீதிபதி. சட்ட ஞானத்தில் கைவைக்க வழியில்லை, சுபாவத்தில் வைத்தார்கள். செனட்டும் 58-42 என்று நிராகரித்தது. போர்க்கின் கருத்துகள் எனக்கும் ஆகாதவைதான். அதற்காக, கருத்து பிடிக்காததைச் சுபாவக் கணக்கில் எழுதலாமா? அப்புறம் 2001இல் புஷ் பெயர்களைச் சங்கத்துக்கு முன்கூட்டி அனுப்புவதை நிறுத்தினார், 2009இல் ஒபாமா மறுபடி அனுப்பினார், 2017இல் டிரம்ப் நிறுத்தினார். ஆட்சி மாறினால் நம்மூரில் திட்டத்தின் பெயர் மாறுமே, அந்தக் கதைதான்.

நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் கௌரியைப் பரிந்துரைத்ததும், ஏற்கெனவே பரிந்துரைத்த சத்யனை மறுபடி பரிந்துரைத்ததும் ஒரே நாளில், 2023 ஜனவரி 17. சத்யனின் நேர்மையில் குறையில்லை, வெளிப்படையான கட்சிச் சார்பும் இல்லை என்று உளவுத்துறையே சொன்னதைக் கொலீஜியம் எழுதிவைத்தது. அவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சொன்னது. பிப்ரவரி 7ஆம் தேதி பதவியேற்றவர்களில் அவர் இல்லை. உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கட்டுரை உங்களுக்குப் பிடித்த தலைவரைத் திட்டியிருந்தால் எனக்குக் கடிதம் போட்டிருப்பீர்களா? ஒரு பக்கம் மட்டும் வெந்த தோசை தம்பி, உங்கள் கோபம். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வயதில் என் தோசை இதைவிடப் பச்சை.

கொலீஜியத்துக்குப் பதிலாக வந்த நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டம், 2015இல் அது ரத்தானது எல்லாம் உங்கள் சீனியரிடம் கேளுங்கள். பதிவை அழிப்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நானே ஒன்றை அழித்தவன்.

2001 ஜனவரி. மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி. மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். கருத்து, மொழிநடை, உச்சரிப்பு, ஒவ்வொன்றுக்கும் 25 மார்க். தேர்தல் வருகிற வருஷம். ஒரு பையன் ஏறினான். துவைத்துத் துவைத்து நைந்த வெள்ளைச் சட்டை. அதன் பைக்குள்ளிருந்து, எனக்கு ஆகாத கட்சியின் தலைவர் துணியைத் தாண்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். பையன் பேசினான் பாருங்கள், மேலூர்ச் சந்தையில் அப்படி ஒரு ழகரத்தை நான் கேட்டதில்லை. உச்சரிப்புக்கு 22 போட்டேன். அவன் இறங்கும்போது அந்தப் படம் மறுபடி கண்ணில் பட்டது. அழித்துவிட்டு 17 என்று எழுதினேன்.

கருத்தில் குறைக்கவில்லை, கவனியுங்கள். அதில் குறைத்தால் பக்கத்து நடுவர் ஏன் என்று கேட்பார். உச்சரிப்பு என்றால் யார் கேட்கப்போகிறார்கள்?

இரண்டு மார்க்கில் அவனுக்கு முதல் பரிசு போயிற்று. மார்க் கூட்டிய டீச்சர் என் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “என்ன சார், இந்த இடம் மட்டும் கறுப்பா இருக்கு?” என்றார்.

“ரப்பர் சரியில்லை டீச்சர்” என்றேன்.