ஸ்டேக்குக்கு வீட்டிலேயே நல்ல சாஸ் செய்வது எப்படி?

தனிப் பாத்திரத்தில் வெண்ணெயில் மைதாவை வறுத்து, ஸ்டாக் (எலும்பு போட்டுக் காய்ச்சி வடித்த சாறு) ஊற்றிக் காய்ச்சுவதாக எழுதியிருக்கிறீர்கள். கெட்டியாக வருகிறது, பளபளப்பாகக்கூட இருக்கிறது. ஆனால் உணவகத்தில் ஸ்டேக்கோடு, அதாவது பானில் சுட்டெடுத்த தடித்த கறித்துண்டோடு, தருகிற சாஸின் ருசி மட்டும் வரமாட்டேன் என்கிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கல் அந்தத் தனிப் பாத்திரத்தில்தான் இருக்கிறது. கறி வெந்த அதே பானில் சாஸைச் செய்யுங்கள், பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

நானும் வெகுகாலம் இப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஸ்டேக்கைத் தட்டுக்கு மாற்றியதும் பானைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிடுவேன். தண்ணீர் பழுப்பாக ஓடும். பிறகு சுத்தமான பாத்திரம் ஒன்றை அடுப்பில் வைத்து, மிளகுத்தூளையும் சோயா சாஸையும் மாற்றி மாற்றிப் போட்டு ருசி வரவழைக்கப் பார்ப்பேன். ஒருநாள் வேறு பாத்திரம் எதுவும் கைவசம் இல்லை. கழுவாத பானிலேயே ஸ்டாக்கை ஊற்றினேன். அன்றைய சாஸைத் தட்டில் ஒரு சொட்டு விடாமல் ரொட்டியால் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டோம். இத்தனை நாளும் குழாய்த் தண்ணீரோடு எது போய்க்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

பானின் அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கிறதே, அதற்குத் தமிழில் அருமையான ஒரு சொல் இருக்கிறது: காந்தல். பிரெஞ்சுச் சமையலில் 'ஃபோன்' என்பார்கள். கறியிலிருந்து கசியும் சாறு சூடான உலோகத்தில் பட்டதும் நீர் ஆவியாகிவிடும்; மிஞ்சுகிற புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பாகி ஒட்டிக்கொள்ளும். 1912இல் இதை விவரித்த லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் பெயரால் மயார் வினை என்கிறோம். ரொட்டியின் மேல்தோலும் வறுத்த காப்பிக்கொட்டையும் மணப்பதில் இதே வினைக்குப் பெரிய பங்கு உண்டு. சுமார் 140 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அது வேகம் பிடிக்கும். கறியின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியிலேயே நின்றுவிடும், ஏனென்றால் நீர் அதற்கு மேல் சூடேறாமல் ஆவியாகிவிடுகிறது. ஆகவே பானில் போடுவதற்கு முன் இருபுறமும் காகிதத் துண்டால் நன்றாக ஒற்றி எடுங்கள். சாஸுக்கான முதல் வேலை அதுதான்.

காந்தல் வேறு, கருகல் வேறு. செம்பழுப்பு வரைக்கும் காந்தல். கறுத்துப்போய்ப் புகை நெடி அடித்தால் கருகல். எவ்வளவு வெண்ணெய் போட்டாலும் கிரீம் ஊற்றினாலும் அதன் கசப்பு மறையாது. சந்தேகமாக இருந்தால் கரண்டி நுனியால் கொஞ்சம் சுரண்டி, ஆறவிட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் அன்றைக்குப் பானைக் கழுவிவிடுங்கள்; ஸ்டேக்கின் மேல் ஒரு துண்டு வெண்ணெய் வைத்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம். பூண்டையும் நுணுக்கிய மிளகையும் ஆரம்பத்திலேயே கறியோடு சேர்த்துப் போட்டால் அவைதான் முதலில் கருகும். பூண்டு கடைசியில் வரட்டும்.

நான்ஸ்டிக் பான் இதற்கு உதவாது. அதில் எதுவும் ஒட்டாது, அதனால் காந்தலும் கிடைக்காது. அடிகனமான எவர்சில்வர் பான் போதும். பளிச்சென்ற அடியில் காந்தலின் நிறமும் நன்றாகத் தெரியும். வார்ப்பிரும்பிலும் செய்யலாம், ஆனால் வினிகர், ஒயின் போன்ற புளிப்பை அதில் நெடுநேரம் கொதிக்கவிட்டால் இரும்பு வாடை ஏறிவிடும்.

சரி, செய்முறைக்கு வருவோம். இரண்டு பேருக்குப் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 2 மேசைக்கரண்டி, உப்பில்லாத ஸ்டாக் 200 மில்லி, வினிகர் 1 தேக்கரண்டி, கடுகு விழுது 1 தேக்கரண்டி, குளிர்ந்த வெண்ணெய் 30 கிராம். எல்லாவற்றையும் ஸ்டேக்கை அடுப்பில் வைப்பதற்கு முன்பே அளந்து, கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வேலையும் ஐந்தாறு நிமிடம்தான். வெட்டாமல் தட்டில் வைத்திருக்கும் கறி பக்குவமாவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் வேண்டும்.

கறியை எடுத்ததும் தீயைக் குறையுங்கள். எண்ணெய் தேங்கியிருந்தால் ஒரு மேசைக்கரண்டி அளவு மட்டும் விட்டு மீதியை வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் சாஸின் மேல் எண்ணெய் மிதக்கும். வெங்காயத்தைப் போட்டு ஒரு நிமிடம் வதக்கினால், அதன் ஈரத்திலேயே காந்தல் அங்கங்கே இளக ஆரம்பிக்கும். அப்புறம் வினிகர், அதன் பின்னாலேயே கால்வாசி ஸ்டாக். இந்த இடத்தில் அவசரப்படாமல் பானையே பாருங்கள். 'சுர்'ரென்று ஆவி கிளம்பி ஒரு நொடி எதுவும் தெரியாது (வினிகர் ஆவி மூக்கில் ஏறும், முகத்தைச் சற்றுத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்). ஆவி விலகியதும் தட்டையான மரக்கரண்டியால் அடியை அழுத்தி இழுங்கள். கரண்டி போன வழியில் எவர்சில்வர் கோடாகப் பளிச்சிடும். கோட்டின் இருபக்கமும் ஸ்டாக் கலங்கி, வெந்நீரில் தேயிலை இறங்குவது போல நிறம் பிடித்துக்கொண்டே போகும். ஓரங்களையும் விடாமல் சுரண்டுங்கள். பானின் அடி சுத்தமாகத் தெரிந்தால் ருசி முழுவதும் சாஸுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மீதி ஸ்டாக்கை ஊற்றி, தீயைக் கூட்டி, மூன்றில் ஒரு பங்காகும் வரை வற்றவிடுங்கள். முதலில் பெரிய பெரிய குமிழ்கள் எழுந்து உடையும். வற்ற வற்றக் குமிழ்கள் சிறுத்து நெருங்கும், சலசலவென்ற சத்தமும் கனத்துவிடும். கரண்டியின் பின்புறம் படிந்த சாஸில் விரலால் கோடிழுத்தால் கோடு மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம்.

உப்பில் பலரும் இடறுவது இங்கேதான். 200 மில்லி ஸ்டாக் 70 மில்லிக்கு வந்தால் அதிலுள்ள உப்பின் கரிப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகும். ஆரம்பத்தில் நாக்குக்குச் சரியாக இருந்த ஸ்டாக், வற்றியபின் வாயில் வைக்க முடியாமல் போகும். ஸ்டாக் கட்டியைக் கரைத்துப் பயன்படுத்துவதாக இருந்தால் பாதிக் கட்டி போதும். கறியில் தடவிய உப்பும் காந்தலில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். நான் எல்லாம் முடிந்தபின் ருசி பார்த்துத்தான் உப்புப் போடுகிறேன், பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

இனி வெண்ணெய். அடுப்பை அணைத்துவிட்டு, கடுகு விழுதைக் கலக்கி, குளிர்ந்த வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பானைச் சுழற்றுங்கள். ஒன்று கரைந்த பிறகு அடுத்தது. வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி நீர், கொஞ்சம் பால் புரதம். மெதுவாக இளகினால் அந்தக் கொழுப்பு நுண்துளிகளாகப் பிரிந்து சாஸ் முழுக்கப் பரவி, வழவழப்பையும் மினுமினுப்பையும் தரும். கொதிக்கிற சாஸில் போட்டால் எண்ணெயாக உருகித் தனியே மிதக்கும். அப்படிப் பிரிந்துவிட்டால் பதற வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, தீயில்லாமல் விஸ்க்கால் (கம்பிக் கலக்கியால்) வேகமாக அடித்தால் பெரும்பாலும் கூடிவந்துவிடும். வற்றும்போது நீர் ரொம்பக் குறைந்துபோனதும் ஒரு காரணமாக இருக்கும்.

ஸ்டேக் இருக்கும் தட்டில் இதற்குள் சிவந்த சாறு தேங்கியிருக்கும். அது ரத்தம் அல்ல; தசையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதத்தின் நிறம். அதைக் கொட்டிவிடாதீர்கள், வெண்ணெயோடு சாஸிலேயே சேர்த்துவிடுங்கள். அதன் பிறகு கொதிக்க விடக்கூடாது, புரதம் திரண்டு சாஸ் திப்பிதிப்பியாகிவிடும்.

மிளகு சாஸ் வேண்டுமென்றால் இதே வழிதான். ஒன்றிரண்டாக இடித்த மிளகு ஒரு மேசைக்கரண்டியை வெங்காயத்தோடு வதக்கி, ஸ்டாக் வற்றியதும் 100 மில்லி கிரீம் ஊற்றி இரண்டு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். இதற்கு வெண்ணெய் தேவையில்லை. கிரீமில் 35 சதவீதம் போலக் கொழுப்பு இருந்தால் கொதியையும் புளிப்பையும் தாங்கும். கொழுப்பு குறைந்த கிரீம் திரிந்துபோகும். ஒயினோ பிராந்தியோ சேர்ப்பவர்கள் ஸ்டாக்குக்கு முன் ஊற்றி வற்றவிடுவார்கள். அப்படிச் செய்தால் பானை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் தீ பற்றலாம்.

மைதா இல்லாமல் எப்படிக் கெட்டியாகும் என்று கேட்பீர்கள். எலும்பு, குருத்தெலும்பு போட்டுக் காய்ச்சிய ஸ்டாக்கில் ஜெலட்டின் இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஜெல்லி போல உறையும். வற்றும்போது உதட்டில் ஒட்டுகிற அந்தக் கனத்தைத் தருவது அதுதான். கடையில் வாங்கும் ஸ்டாக் பலவற்றில் அது குறைவு. அதனால் சுவையில்லாத ஜெலட்டின் தூள் ஒரு தேக்கரண்டியைக் குளிர்ந்த ஸ்டாக்கில் ஐந்து நிமிடம் ஊறவைத்துவிட்டு ஊற்றுகிறேன். என் அனுபவத்தில் மாவைவிட இது பல மடங்கு மேல். மாவு ருசியை மூடிவிடுகிறது.

பாட்டிலில் வரும் ஸ்டேக் சாஸைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அது வேறு வகை. தக்காளி, வினிகர், உலர்திராட்சை, ஆரஞ்சு, மசாலா எல்லாம் சேர்ந்த புளிப்பும் இனிப்பும். உலர்திராட்சை 50 கிராம், தக்காளி கெச்சப் 100 மில்லி, வினிகர் 60 மில்லி, தண்ணீர் 100 மில்லி, வூஸ்டர்ஷர் சாஸ் 2 மேசைக்கரண்டி, ஒரு பல் பூண்டு, கொஞ்சம் ஆரஞ்சுத் தோல் சீவல், மிளகு. சிறு தீயில் 15 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் மிக்ஸியில் அரைத்து வடிகட்டுங்கள். வூஸ்டர்ஷர் சாஸில் புளியும் நெத்திலியும் ஏற்கெனவே இருக்கின்றன, வேறு புளி வேண்டாம். செய்த அன்று வினிகர் தூக்கலாகத் தெரியும். ஒரு இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் ருசி பாருங்கள். அதற்கு முன் சர்க்கரை சேர்த்துவிடாதீர்கள்.