பெரி மேசன் தோற்ற வழக்குகள்

அன்புள்ள ஐயா,

கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞரைப் பற்றிய பழைய அமெரிக்கத் தொடரான பெரி மேசன் தொலைக்காட்சித் தொடரை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். துணைக்கு எபிசோடு வாரியான கையேடு ஒன்றையும் வைத்துக்கொண்டேன். கதைச்சுருக்கத்திலேயே கொலையாளி யாரென்று தெரிந்துவிடுகிறது. அப்புறம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? மேசன் தோற்றதே இல்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கையேடோ மூன்று தோல்விகளைச் சொல்கிறது. எதை நம்புவது? இந்தக் கையேடெல்லாம் யாருக்கு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கையேட்டை நம்பலாம். ஆனால் அந்த மூன்றும் ஒரே வகைத் தோல்வி அல்ல. 1958-இல் வந்த 'டெரிஃபைடு டைப்பிஸ்ட்' கதையில் ஜூரி குற்றவாளி என்றே சொல்லிவிடும். கூண்டில் நிற்பவன் வேறொருவன் பெயரில் நடிக்கும் ஆள் என்று காட்டி, அந்தத் தீர்ப்பைச் செல்லாமல் ஆக்கிவிடுவார் மேசன். 'விட்லெஸ் விட்னஸ்' கதை அவருக்கு எதிரான ஒரு தீர்ப்போடு தொடங்கும், ஆனால் மைய வழக்கு அதுவல்ல. நிஜமாகவே வலிக்கிற தோல்வி 1963-இல் வந்த 'டெட்லி வெர்டிக்ட்'தான். ஆரம்பத்திலேயே அவருடைய கட்சிக்காரப் பெண்ணுக்கு மரண தண்டனை விழுந்துவிடும். தண்டனை நிறைவேறும் முன் உண்மைக் கொலையாளியைப் பிடிக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை எழுதாமல் 'தோல்வி: 3' என்று மட்டும் போடுவது கையேட்டின் குறை.

இன்னொன்று. எபிசோடுகளில் பெரும்பாலும் ஜூரியைக் காணோமே என்று கவனித்தீர்களா? நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் முழு விசாரணை அல்ல, கலிஃபோர்னியாவின் பூர்வாங்க விசாரணை. வழக்கை மேலே அனுப்பப் போதிய முகாந்திரம் இருக்கிறதா என்று நீதிபதி மட்டும் உட்கார்ந்து பார்ப்பது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு முன்பு நம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடந்த கமிட்டல் விசாரணைக்குக் கிட்டத்தட்ட சமம். பன்னிரண்டு ஜூரிகளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்பதால் தயாரிப்பாளர்களுக்கும் இது வசதி. எது பூர்வாங்கம், எது ஜூரி விசாரணை என்று ஒவ்வொரு கதைக்கும் குறிக்கிற கையேடுதான் என் கணக்கில் நல்ல கையேடு.

டைட்டிலை மட்டும் பார்த்து எழுதிய கையேடு தவறிவிடும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. டிராக் என்ற போலீஸ் அதிகாரியாக நடித்த ரே காலின்ஸ் உடல்நலம் கெட்டு 1964-லேயே நடிப்பதை நிறுத்திவிட்டார். ஆனாலும் 1965-இல் அவர் இறக்கும் வரை டைட்டிலில் அவர் பெயரை எடுக்கவில்லை. அந்தக் குழுவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது இதைப் படித்தபோதுதான். அரசு வழக்கறிஞர் பர்கராக நடித்த வில்லியம் டால்மன் 1960-இல் வேலைநீக்கம் செய்யப்பட்டபோதும், அவரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி நின்றவர் மேசனாக நடித்த ரேமண்ட் பர். நடுவில் சில எபிசோடுகளில் பர்கரைக் காணாமல் நீங்கள் குழம்பினால் காரணம் அதுதான்.

கொலையாளி தெரிந்த பிறகு என்ன மிச்சம் என்று கேட்டீர்கள். 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட சோனியா சோட்டோமேயர், செனட் குழு முன்பு இந்தத் தொடரைப் பற்றிப் பேசினார். அவர் மனதில் நின்றது கொலையாளி அல்ல, பர்கர். நிரபராதி விடுதலையாவதும் நீதிதான், அதுவும் தன் வேலைதான் என்று பர்கர் சொல்லும் இடம், அரசு வழக்கறிஞர் ஆகவேண்டும் என்ற எண்ணத்தை அவருக்குள் விதைத்திருக்கிறது. சரி, பர்கர் ஜெயித்த அந்த ஒரு வழக்கு எது என்று செனட்டர் அல் ஃப்ராங்கன் கேட்டபோது அவருக்கு ஞாபகம் வரவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் கையேடு வேண்டும்.

ஆகவே எபிசோடைப் பார்த்துவிட்டுக் கையேட்டைத் திறங்கள். மொத்தம் 271, அவசரமே இல்லை. 1966-இல் வந்த கடைசி எபிசோடில் நீதிபதி ஆசனத்தில் இருப்பவரை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மேசனைப் படைத்த எர்ல் ஸ்டான்லி கார்ட்னர்தான் அவர்.