முகவாதம் வந்து 4 மாதமாகியும் வாய் நேராகவில்லை. மூளை எம்ஆர்ஐ நார்மல். நரம்பில் கட்டி இல்லை என்று நம்பலாமா?

அந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். சாதாரண மூளை ஸ்கேன் சுமார் 5 மி.மீ. கனமுள்ள அடுக்குகளாக எடுக்கப்படுகிறது. முகநரம்பு காதெலும்புக்குள் மிகவும் குறுகிப் போகும் பகுதியின் மொத்த நீளமே 3 முதல் 5 மி.மீ. தான். அங்கே உட்கார்ந்திருக்கும் சிறிய கட்டி சுலபமாகத் தப்பிவிடும். முகநரம்பு கடந்துபோகும் பரோட்டிட் சுரப்பியும் (காதுக்குக் கீழுள்ள உமிழ்நீர்ச் சுரப்பி) அந்த ஸ்கேனில் முழுதாக வராது.

பெல்ஸ் பால்ஸி (காரணம் தெரியாமல் திடீரென வரும் சாதாரண முகவாதம்) என்றால் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்துக்குள் கொஞ்சமாவது அசைவு திரும்பியிருக்க வேண்டும். வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கோணியது, அதே பக்கம் மறுபடி வந்தது, முகத்தசை துடிப்பது, அந்தக் காது மந்தமாவது, காதடியில் கட்டி தட்டுப்படுவது: இதில் ஒன்று இருந்தாலும் சந்தேகம் கூடுகிறது.

ஈஎன்டி மருத்துவரிடம் கேட்க வேண்டியது, மூளைத்தண்டிலிருந்து பரோட்டிட் வரை, 3 மி.மீ.க்கு மிகாத அடுக்குகளில், காண்ட்ராஸ்டுடன் (படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) முகநரம்பு எம்ஆர்ஐ. அதற்கு முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். அந்த ஊசி போடுவதற்கு முன் எடுக்கும் டி1 என்ற வகை எம்ஆர்ஐ படத்தை விட்டுவிடக் கூடாது. நரம்பு எலும்பைவிட்டு வெளியே வரும் துளைக்குக் கீழே உள்ள கொழுப்பு அதில் வெள்ளையாகத் தெரியும். பரோட்டிட் புற்று நரம்பைப் பிடித்து மேலே ஏறினால் அந்த வெள்ளை அழிந்துபோகும். ஸ்கேன் சீட்டில் "வலது முகவாதம், 4 மாதம்" என்று பக்கமும் காலமும் எழுதச் சொல்லுங்கள். ரேடியாலஜிஸ்ட் எங்கே உற்றுப் பார்ப்பது என்பதை அந்த வரிதான் சொல்கிறது.

நரம்பு பளிச்சென்று தெரிந்தாலே கட்டி என்று பயப்பட வேண்டாம். காதெலும்புக்குள் நரம்பு திரும்பும் முடிச்சும் அதற்கு அடுத்த பகுதியும் இயல்பாகவே பளிச்சிடும். பெல்ஸ் பால்ஸியில் நரம்பு கோடுபோல ஒரே சீராக ஒளிரும். கட்டியென்றால் ஓரிடத்தில் புடைக்கும்.

கூடவே காதெலும்பு சிடியும் தேவை. ஷ்வானோமா (நரம்பின் உறையில் வளரும், பெரும்பாலும் புற்றல்லாத கட்டி) நரம்பு போகும் எலும்புக் குழாயை வழவழப்பாக அகலப்படுத்தும். ஹெமாஞ்சியோமாவில் (ரத்தக்குழாய்க் கட்டி) எலும்புத் துணுக்குகள் தேன்கூடு மாதிரி தெரியலாம். சில மி.மீ. அளவிலேயே அது முகத்தை முழுக்க முடக்கிவிடக்கூடியது.

ஷ்வானோமா என்று தெரிந்தால் பயாப்ஸிக்கு அவசரப்படக் கூடாது. சதை எடுக்கும்போதே நரம்பு நிரந்தரமாகச் செயலிழக்கலாம். முகம் ஓரளவு நன்றாக அசைகிறவரை எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிப்பதே பெரும்பாலும் நல்லது. பரோட்டிட் கட்டி வேறு விஷயம், அதில் ஊசியால் செல்களை எடுத்துச் செய்யும் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

இவ்வளவு எடுத்தும் ஒன்றும் தெரியாமல், முகமும் அசையாமலே இருந்தால், சில மாதம் கழித்து அதே ஸ்கேனைத் திரும்ப எடுங்கள். நரம்பு வழியே பரவும் புற்று முதல் ஸ்கேனில் பிடிபடாமல் போவதுண்டு.