அஸ்டேரின் பாதங்களும் வேரா எல்லனின் குரலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ‘ஹாலிடே இன்’, ‘மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்’, ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ மூன்றையும் டிவியில் பார்த்தோம். ‘ஹாலிடே இன்’னில் நடன நடிகர் ஃப்ரெட் அஸ்டேர் ஆடும்போது பல இடங்களில் பாதமே தெரியவில்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் எடுப்பார்களா? ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பாடல் தொகுப்பை வாங்கினேன், அதில் படத்தில் பாடி நடித்த ரோஸ்மேரி க்ளூனியின் குரலே இல்லை. போலியை வாங்கிவிட்டேனா?

– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

அஸ்டேர் தலை முதல் பாதம் வரை முழு உடலும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும் என்பதில் விடாப்பிடியாக இருந்தவர். பாதத்தை வெட்டியது உங்கள் டிவி. 1942இல் வந்த ‘ஹாலிடே இன்’னின் திரை அளவு 1.37:1, ஏறக்குறைய சதுரம். இன்றைய டிவி 16:9. இரு ஓரத்திலும் கறுப்புப் பட்டை வராமலிருக்க ‘ஜூம்’ வைத்தால் படத்தின் உயரத்தில் சுமார் 23 சதவீதம் போய்விடும். பாதி மேலே, பாதி கீழே. கீழே போகும் பாதியில்தான் அவருடைய ஷூ இருக்கிறது.

ரிமோட்டில் பிக்சர் சைஸை ‘ஒரிஜினல்’ அல்லது ‘4:3’ என்று மாற்றுங்கள். ‘வைட்’ வேண்டாம், ஆடுகிறவர்கள் குண்டாகத் தெரிவார்கள். கூடவே ‘மோஷன் ஸ்மூத்திங்’கை அணைத்துவிடுங்கள். விநாடிக்கு 24 பிரேம் எடுத்த படத்தில் டிவி தானாகப் புதுப் பிரேம்களைச் செருகும்போது, வேகமான கால்கள் வழுக்கிக்கொண்டு போவதுபோல் ஆகிவிடும். இதற்குப் பிறகும் பாதம் தெரியாவிட்டால் சேனலே வெட்டி ஒளிபரப்புகிறது என்று பொருள். டிஸ்க் வாங்கினால் பின்னட்டையில் 1.33 அல்லது 1.37 என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கறுப்பு வெள்ளைப் பதிப்பையே கேட்டு வாங்குங்கள், பின்னாளில் நிறம் ஏற்றிய பதிப்பும் விற்பனையில் உண்டு.

பிறகு ஜூலை 4 பட்டாசு நடனத்தை மறுபடி போடுங்கள். ஜோடி வந்து சேராததால் அஸ்டேர் தனியாக ஆடுகிறார். பையிலிருந்து வெடியை எடுத்துத் தரையில் அடிக்கிறார், ஒவ்வொரு வெடியும் தாளத்தில் விழுகிறது. கை எங்கே எறிகிறது, கால் எங்கே இறங்குகிறது என்று இரண்டையும் ஒரே சட்டகத்தில் பார்த்தால்தான் அதன் அருமை புரியும். ஒன்று மட்டும்: லிங்கன் பிறந்தநாள் பாட்டில் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு வருகிறார்கள். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வழக்கம் அது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

இனி குரல். நம் படங்களைப் போலவே அங்கும் பாட்டை முதலில் ஒலிப்பதிவு செய்து, செட்டில் ஒலிக்கவிட்டு வாயசைத்தார்கள். ஷூவால் தரையில் தட்டித் தாளமெழுப்பும் டாப் நடனத்தின் காலோசையைக்கூடப் படமாக்கிய பிறகு தனியாகப் பதிவுசெய்து சேர்ப்பார்கள். ‘ஹாலிடே இன்’ நாயகி மார்ஜரி ரெனால்ட்ஸுக்குப் பாடியவர் மார்த்தா மியர்ஸ். 1954இல் வந்த ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ஸில் க்ளூனியின் தங்கையாக வரும் வேரா எல்லனுக்கு ட்ரூடி ஸ்டீவன்ஸ் பாடினார். ‘சிஸ்டர்ஸ்’ பாட்டில் மட்டும் அக்கா, தங்கை இரண்டு குரலுமே க்ளூனியுடையது. நீல விசிறியோடு வரும் அந்தப் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள், தெரிந்துவிடும்.

நீங்கள் வாங்கியது போலி இல்லை. படத்தின் பாடல் தொகுப்பை வெளியிட்டது டெக்கா இசைத்தட்டு நிறுவனம், க்ளூனியோ கொலம்பியா என்ற வேறொரு இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தார். அதனால் டெக்கா தொகுப்பில் அவர் பாட்டுகளை பெக்கி லீ பாடினார். க்ளூனி அதே பாடல்களைக் கொலம்பியாவுக்குத் தனித் தொகுப்பாகப் பாடினார். அதில் ‘சிஸ்டர்ஸ்’ பாட்டில் உடன் பாடுவது அவருடைய சொந்தத் தங்கை பெட்டி. க்ளூனி வேண்டுமென்றால் அந்தத் தொகுப்பைத் தேடுங்கள். பெக்கி லீயையும் ஒதுக்கிவிடாதீர்கள், அற்புதமான பாடகி.

‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ படத்தில் பாதம் வெட்டுப்படாது. பாரமவுண்ட் நிறுவனம் விஸ்டாவிஷன் என்ற அகலத்திரை முறையில் எடுத்த முதல் படம் இது. ஃபிலிமைப் படுக்கவைத்து ஓட்டி, ஒரு பிரேமுக்கு ஃபிலிம் ஓரத்தில் உள்ள நாலு துளைக்குப் பதில் எட்டுத் துளை அகலம் எடுத்துக்கொண்டார்கள். இன்றைய அகல டிவியில் சரியாகப் பொருந்தும்.

மீதமுள்ள ‘மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்’ பற்றி நீங்கள் கேட்கவில்லை, எனக்கு மூன்றிலும் பிரியமானது அதுதான். 1944, போர்க்காலம். ஜன்னலோரத்தில் ஜூடி கார்லண்ட் பாடும் கிறிஸ்துமஸ் பாட்டின் முதல் வடிவத்தில், இதுவே உன் கடைசிக் கிறிஸ்துமஸாக இருக்கலாம் என்று வரி இருந்தது. அழுகிற குழந்தையிடம் இதைப் பாட மாட்டேன் என்று கார்லண்ட் மறுத்ததால் ஹியூ மார்ட்டின் மாற்றி எழுதினார். இதுவும் 1.37தான், அமைப்பை மாற்றிவிட்டுப் பாருங்கள். பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். அந்தக் குழந்தை, கடைசித் தங்கை டூட்டி, இரவு உடையோடு முற்றத்துக்கு ஓடி, தாங்கள் செய்துவைத்த பனிமனிதர்களை ஒவ்வொன்றாக அடித்து நொறுக்குகிறாள். குடும்பம் செயின்ட் லூயிஸ் ஊரை விட்டுப் போகும்போது அவற்றை வேறு யாருக்கும் விட்டுவைக்க அவளுக்கு மனமில்லை.