பல் மருத்துவர் கேள்வி–பதில்: பெட்டியோடு போகும் ஸ்பெஷலிஸ்ட் கேட்டு வாங்க வேண்டியவை

எம்.டி.எஸ். (பல் மருத்துவ முதுநிலைப் பட்டம்) முடித்து வட சென்னையில் தொழில் செய்யும் இளம் மருத்துவர்களில் பலர் சொந்த கிளினிக் வைத்திருப்பதில்லை. காலையில் ராயபுரம், மதியம் தண்டையார்பேட்டை, மாலையில் பெரம்பூர் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கன்சல்டிங் போகிறார்கள். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அவர்களுடையவையும், அவர்களைக் கூப்பிடும் கிளினிக் டாக்டர்களுடையவையும்தான்.

நான் எண்டோடான்டிஸ்ட் (ரூட் கேனல் நிபுணர்). நான்கு கிளினிக்குகளுக்குப் போகிறேன். இரண்டில் பிரஷர் குக்கர் மாதிரி ஆட்டோகிளேவ்தான் (நீராவியால் கருவிகளைக் கிருமி நீக்கும் கலம்) இருக்கிறது. என் ஹேண்ட்பீஸையும் (பல்லைக் குடையும் கருவி) ஃபைல்களையும் (வேர்க் குழாயைச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பிகள்) அதிலேயே போட்டு எடுத்தால் போதுமா? கிளினிக் டாக்டரிடம் இதைப் பேசவே சங்கடமாக இருக்கிறது.
— ராயபுரம்

போதாது. அந்த வகை ஆட்டோகிளேவில் நீராவி உள்ளே நிறைந்து காற்றைத் தானாக வெளியே தள்ள வேண்டும். கண்ணாடி, புரோப், ஃபோர்செப்ஸ் போன்ற திடமான கருவிகளைப் பௌச் (காகித உறை) போடாமல் வைத்தால் 121 டிகிரி, 15 பி.எஸ்.ஐ., 15 நிமிடம் என்ற கணக்கு செல்லும். அந்த 15 நிமிடத்தை வெப்பம் 121ஐத் தொட்ட பிறகுதான் எண்ணத் தொடங்க வேண்டும். அடுப்பைப் பற்றவைத்த நேரத்திலிருந்து எண்ணுவது பல கிளினிக்குகளில் நடக்கும் தவறு. ஹேண்ட்பீஸின் கதை வேறு. அதன் உள்ளே மெல்லிய தண்ணீர்க் குழாயும் காற்றுக் குழாயும் ஓடுகின்றன. அதற்குள் சிக்கிய காற்று வெளியேறாவிட்டால் நீராவி அங்கே போய்ச் சேராது. வெளிப்புறம் சுத்தமாகியிருக்கும், உள்ளே முந்தைய நோயாளியின் எச்சில் அப்படியே இருக்கும். காற்றை வேக்குவம் வைத்து உறிஞ்சி எடுக்கும் பி கிளாஸ் ஆட்டோகிளேவ்தான் இதற்குச் சரி. 134 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம், பிறகு உலர்த்தும் சுற்று முழுவதும். பௌச் ஈரமாக வெளியே வந்தால் அந்த லோடு செல்லாது. ஈரக் காகிதம் வழியாகக் கிருமி உள்ளே ஏறிவிடும். ஈரத்துக்குக் காரணம் பெரும்பாலும் மெஷின் கோளாறு அல்ல. தட்டில் பௌச்சுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதும், உலர்வதற்குள் அவசரமாகக் கதவைத் திறப்பதும்தான்.

பௌச்சின் மேல் நிறம் மாறியிருப்பதைக் காட்டி ‘ஆகிவிட்டது டாக்டர்’ என்பார்கள். அந்த நிறம் சொல்வது, பௌச் சூட்டைப் பார்த்தது என்பதை மட்டும்தான். உள்ளே வைக்கும் ஐந்தாம் வகை இண்டிகேட்டர் பட்டை வெப்பம், நேரம், நீராவி மூன்றையும் சேர்த்துக் காட்டும். குழாய் உள்ள கருவிகளுக்குள் நீராவி போகிறதா என்று பார்க்க ஹெலிக்ஸ் டெஸ்ட் இருக்கிறது. வாரம் ஒரு முறை வெப்பம் தாங்கும் ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் கிருமியை வைத்து ஸ்போர் டெஸ்ட் செய்து, முடிவைத் தேதி போட்டு நோட்டில் எழுதும் கிளினிக்கை நம்பிப் போகலாம்.

உங்கள் கையில் இருப்பதை முதலில் செய்யுங்கள். ஒரு நாளில் எத்தனை நோயாளிகளோ அத்தனை செட் ஹேண்ட்பீஸும் கருவிகளும் பௌச்சில், மூடிய பெட்டியில் கொண்டு போங்கள். பயன்படுத்தியவற்றுக்கு மூடியுள்ள, ஊசி குத்திக் கிழிக்காத தனிப் பெட்டி வேண்டும். அவற்றைக் காய விடாதீர்கள்; என்ஸைம் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். காய்ந்த இரத்தத்தை அல்ட்ராசானிக் கூட முழுதாக எடுக்காது. நிக்கல்–டைட்டேனியம் ஃபைல்களை ஹைப்போகுளோரைட்டில் ஊறப்போட்டுவிட்டு அப்படியே ஆட்டோகிளேவில் வைத்தால் அரிப்பு ஏற்பட்டு, அடுத்த கேனலில் உடையும். தண்ணீரில் நன்றாக அலசி, அல்ட்ராசானிக் முடித்து, லூப்பில் பார்த்து, சுருள் நீண்டிருந்தால் எறிந்துவிடுங்கள். வேர்க் குழாயை அடைக்கும் குட்டா பெர்ச்சா கோன் சூடு தாங்காது, 5.25 சதவீத ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் போதும். மேசை மேல் இருக்கும், சூடான கண்ணாடி மணிகளில் கருவி நுனியைச் செருகும் கிளாஸ் பீட் ஸ்டெரிலைசரை ஆட்டோகிளேவுக்கு மாற்றாக ஒருபோதும் எண்ண வேண்டாம்.

சங்கடம் பற்றி. 2023இல் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்குக்குப் போன பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியாத் தொற்று வந்து எட்டுப் பேர் இறந்தார்கள். ஆய்வாளர்கள் தேடிப்போனபோது கிருமி கிடைத்தது, பயன்பாட்டில் இருந்த சலைன் பாட்டிலில். பெரியோஸ்டியல் எலிவேட்டரால் (ஈறை எலும்பிலிருந்து விலக்கும் கருவி) பாட்டிலைத் திறப்பது, மிச்ச சலைனை அரைகுறையாக மூடி வைத்து அடுத்தவருக்கும் பயன்படுத்துவது என்ற பழக்கம் அங்கே இருந்திருக்கிறது. நம் ஊரிலேயே இது நடந்த பிறகு, கேட்பதற்குச் சங்கடப்பட வேண்டியதில்லை. 500 மில்லி பாட்டிலுக்குப் பதில் நோயாளிக்கு ஒரு 100 மில்லி பாட்டில், ஸ்டெரைல் ஊசியால் மட்டும் உறிஞ்சுவது, மிச்சத்தைக் கொட்டிவிடுவது: இந்த மூன்றையும் எங்கே போனாலும் கேட்டு வாங்குங்கள். எலும்பைத் துளைக்கும்போதும் ஃபிளாப் தூக்கும்போதும் (ஈறைப் பிரித்து விலக்கும்போதும்) பல் சிகிச்சைச் சேரிலிருந்து வரும் தண்ணீரைப் பயன்படுத்தவே கூடாது.

இன்னும் ஒன்று: முதல் கேஸ் பார்ப்பதற்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஒப்புதல் படிவம் வாங்குவது யார், ஃபைல் உடைந்தால் நோயாளியிடம் சொல்லிக் குறிப்பெழுதுவது யார், இரவு பத்து மணிக்கு வீங்கினால் போனை எடுப்பது யார், எக்ஸ்ரே பிரதி உங்களுக்கு வருமா. சதவீதம் பேசும் அளவுக்கு இவற்றை யாரும் பேசுவதில்லை. வழக்கு என்று வரும்போது முதலில் தேடப்படுவது இந்தத் தாள்தான்.

என் கிளினிக்கில் போர் தண்ணீரோடு லாரித் தண்ணீரும் கலந்து வருகிறது. ஸ்கேலர் (பல் காரை எடுக்கும் கருவி) நுனி அடைத்துக்கொள்கிறது, ஏர்ரோட்டர் (காற்றால் சுழலும் ஹேண்ட்பீஸ்) ஆறு மாதம் கூட வருவதில்லை. ஆர்.ஓ. போட்டால் எல்லாம் சரியாகுமா?
— திருவொற்றியூர்

உப்புப் படிவு குறையும். கிருமி கூடலாம். இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

மீஞ்சூர்–பொன்னேரி பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே ஏறியது பழைய கதை. கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் கடினமாக இருப்பதில் வியப்பில்லை. ஸ்கேலர் நுனியில் அடைப்பதும் ஆட்டோகிளேவ் வால்வில் வெள்ளையாகப் படிவதும் அந்த உப்புதான். ஆர்.ஓ. அதை எடுத்துவிடும். கூடவே மெட்ரோ வாட்டரில் இருந்த குளோரினும் போய்விடும். அதன் பிறகு அந்தத் தண்ணீரைக் காக்க எதுவும் இல்லை. சேருக்குள் ஓடும் குழாய் 2 மில்லிமீட்டர் அளவுதான். இரவு முழுவதும், ஞாயிறு முழுவதும் தண்ணீர் அதில் தேங்கி நிற்கும். குழாய்ச் சுவரில் வழவழப்பான படலம் கட்டிவிட்டால், அதன் வழியாக எந்த நல்ல தண்ணீர் வந்தாலும் கெட்டுத்தான் வெளியே வரும். திங்கட்கிழமை காலையில் முதல் ஸ்ப்ரேயில் ஒரு வாடை அடிக்கிறதென்றால் படலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேரோடு வரும் தனி பாட்டிலுக்கு மாறிவிடுங்கள். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள். காலையில் ஹேண்ட்பீஸ் மாட்டாமல் எல்லாக் குழாய்களையும் 2 நிமிடம் ஓட விடுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு 20 முதல் 30 விநாடி. இரவில் பாட்டிலைக் காலி செய்து, குழாய்க்குள் காற்றடித்து, பாட்டிலைக் கவிழ்த்துக் காய வையுங்கள். இதெல்லாம் படலத்தை மெதுவாக்குமே தவிர அழிக்காது. அதற்கு உங்கள் சேர் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட மருந்தை, அவர் சொல்லும் இடைவெளியில் போட வேண்டும். மருந்தை நீங்களே கூட்டிக் கலந்தால் சேருக்குள் உலோகப் பாகங்கள் அரித்துவிடும். வேலை செய்கிறதா என்பதை லேப் சொல்லும்: ஹேண்ட்பீஸ் குழாயிலிருந்து நேராக ஸ்டெரைல் பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் அன்றைக்கே கொடுங்கள். ஒரு மில்லியில் 500 சி.எஃப்.யு. (வளரக்கூடிய கிருமிகளின் எண்ணிக்கை) தாண்டக் கூடாது. லேப் தரும் பாட்டிலில் குளோரினை முறிக்கும் தயோசல்ஃபேட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் குழாயில் மிச்சமிருக்கும் மருந்து வழியிலேயே கிருமியைக் கொன்று, முடிவு நல்லதாக வந்துவிடும்.

ஏர்ரோட்டர் சாவதற்குத் தண்ணீரை மட்டும் குறை சொல்ல வேண்டாம். கடற்கரைக் காற்றின் ஈரம் கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீராகத் தேங்கி, காற்றோடு சேர்ந்து பேரிங்கைத் தின்கிறது. கம்ப்ரஸரின் அடியில் இருக்கும் டிரெயினைத் தினமும் மாலையில் திறந்து விடுங்கள்.

இருபத்தாறு வயது இளைஞர், மாவா (புகையிலை கலந்த பாக்கு) போடுகிறார். வாய் 24 மில்லிமீட்டர்தான் திறக்கிறது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனல் தேவை. பல்லை எடுத்துவிடுவதுதான் வழியா? முதலில் யாரிடம் அனுப்புவது?
— பி.டி.எஸ்., வியாசர்பாடி

பல்லைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன் வாயைப் பாருங்கள். ஓரல் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் (வாய்ச் சவ்வுக்கு அடியில் நார் கட்டி இறுகும் நோய்) என்றே எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். காரணம் பாக்கு, மாவாவில் புகையிலையை நீக்கினாலும் பாக்கு இருக்கும்வரை நார் கட்டிக்கொண்டுதான் இருக்கும். நோயாளிக்கு இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘புகையிலை இல்லாத பாக்குதானே’ என்று மாறிக்கொள்பவர்கள் நிறைய. இந்தியாவில் 17 வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வில் 7.6 சதவீதத்தினருக்குப் புற்றுநோயாக மாறியது.

விரல் அளவு வேண்டாம். வெர்னியர் காலிப்பரால் மேல்–கீழ் முன்பல் நுனிகளுக்கு இடையே அளந்து தேதியோடு எழுதுங்கள். அடுத்த முறை ஒப்பிட அந்த எண் ஒன்றுதான் இருக்கும். இரண்டு பக்கக் கன்னம், நாக்கின் ஓரம், அண்ணம் எல்லாம் பாருங்கள். சிவப்புத் திட்டு, கெட்டியான வெள்ளைத் திட்டு, இரண்டு வாரம் தாண்டிய புண் எது இருந்தாலும் பயாப்ஸி. ஹீமோகுளோபின் பாருங்கள். முதலில் அனுப்ப வேண்டியது ஓரல் மெடிசின் நிபுணரிடம். செலவு தடையாக இருந்தால் கோட்டை ரயில் நிலையத்தின் எதிரே இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இந்தத் துறைகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. டெக்சாமெத்தசோனும் ஹையலுரோனிடேஸும் சேர்த்து நார்க்கட்டில் ஊசி, கூடவே தினமும் பயிற்சி. ஐஸ் குச்சிகளைக் கடைவாயில் அடுக்கி, சில நாளுக்கு ஒன்று என்று கூட்டுவது எளிய வழி. பயிற்சி நின்றால் ஊசியின் பலனும் நிலைக்காது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இதே விதிதான். மாதக்கணக்கில் பயிற்சி இல்லையென்றால் வாய் திரும்ப இறுகும்.

இனி பல். 24 மில்லிமீட்டரில் ரூட் கேனல் செய்ய முடியும், எண்டோடான்டிஸ்ட் தயாராக வந்தால். மரத்துப்போக வைக்க வழக்கமான பிளாக் கடினம். வஸிரானி–அகினோசி முறையில் வாயை மூடியபடியே கொடுக்கலாம். நீள ஊசியை மேல் கடைவாய்ப் பற்களின் ஈறும் கன்னச் சவ்வும் சேரும் கோட்டின் உயரத்தில், கடிக்கும் தளத்துக்கு இணையாக, ரேமஸின் (கீழ்த்தாடை எலும்பு பின்னால் மேலேறும் பகுதி) உட்பக்கமாகச் செலுத்தி, 25 மில்லிமீட்டர் ஆழத்தில் உறிஞ்சிப் பார்த்துவிட்டு மெதுவாக மருந்து. இதில் எலும்பு தட்டாது, அதனால் ஆழத்தை ஊசியின் நீளத்தைப் பார்த்தே கணிக்க வேண்டும். நார் கட்டிய இடத்தில் ஊசி தடுக்கும், வேகமாகத் தள்ளாதீர்கள். சிறுவர்களுக்கான சின்னத் தலை ஹேண்ட்பீஸ், 25க்குப் பதில் 21 மில்லிமீட்டர் ஃபைல், துவாரத்தைச் சற்று முன்பக்கமாக இழுத்துப் போடுவது. ஒரே அமர்வில் முடிக்கப் பார்க்க வேண்டாம். அரை மணிக்கு மேல் அந்தத் தசை தாங்காது. பல்லை எடுத்துவிட்டால் வேலை சுலபம் என்று தோன்றும். ஆனால் இந்த வாயில் பிறகு பல் கட்டுவதற்கு அளவெடுப்பது ரூட் கேனலை விடக் கஷ்டம்.

ஒவ்வொரு ரூட் கேனலுக்கும் சி.பி.சி.டி. (பல், தாடையின் முப்பரிமாண ஸ்கேன்) எடுத்துவிடச் சொல்கிறார்கள். சரியா?
— மணலி

சரியில்லை. மறு சிகிச்சை, வேர் கரைதல், கிடைக்காத கேனல், வழக்கத்துக்கு மாறான வேர் அமைப்பு: இவற்றுக்கு எடுங்கள். எடுத்தால் 5க்கு 5 செ.மீ. அல்லது அதைவிடச் சிறிய பரப்பு. முழுத் தாடை எடுத்தால் கதிரும் கூடும், நுணுக்கமும் குறையும். வேர் செங்குத்தாகப் பிளந்ததைத் தேடி எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்: குட்டா பெர்ச்சாவும் போஸ்ட்டும் (வேருக்குள் பொருத்தும் தண்டு) இருந்தால் கோடு கோடாகச் சிதறல் விழும், அதைப் பிளவு என்று படித்துப் பல்லை எடுத்துவிடும் ஆபத்து உண்டு. பக்கத்து எலும்பு கரைந்திருக்கும் விதத்தையும் புரோப் ஒரே இடத்தில் ஆழமாக இறங்குவதையும் சேர்த்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். சொந்த மெஷின் வாங்குவதாக இருந்தால், ஏ.இ.ஆர்.பி.யின் (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) ஈ-லோரா இணையதளத்தில் உரிமம் வாங்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் இயக்க வேண்டும்.

எம்.டி.எஸ். கடைசி ஆண்டு படிக்கிறேன். வார இறுதி இம்ப்ளான்ட் கோர்ஸ், ஃபெலோஷிப் என்று தினமும் விளம்பரம் வருகிறது. எதில் சேர்வது?
— கொளத்தூர்

தேர்வு முடிந்ததும் முதல் வேலை, எம்.டி.எஸ்.ஸைக் கூடுதல் தகுதியாக மாநிலக் கவுன்சில் பதிவேட்டில் ஏற்றுவது. பட்டம் வாங்கி, அதைப் பதியாமலேயே ஸ்பெஷலிஸ்ட் என்று போர்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். புகார் வந்தால் நிற்க இடமில்லை. வார இறுதி ஃபெலோஷிப் எதுவும் உங்களை ஸ்பெஷலிஸ்ட் ஆக்காது. போர்டில் பெயருக்குப் பின்னால் அதைச் சேர்க்கவும் வேண்டாம்.

கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் கேளுங்கள்: நான் நோயாளிக்கு என் கையால் எத்தனை இம்ப்ளான்ட் வைப்பேன், பக்கத்தில் நிற்கும் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், நான் வைத்ததற்குப் பல் மாட்டும்வரை கூட இருப்பீர்களா, தோற்றால் அந்த நோயாளியைப் பார்ப்பது யார். பெரும்பாலான கோர்ஸ்கள் வைப்பதைச் சொல்லித்தருகின்றன; நரம்பிலிருந்து 2 மில்லிமீட்டர், பக்கத்துப் பல்லிலிருந்து 1.5, இரண்டு இம்ப்ளான்ட்டுக்கு இடையே 3 என்பதை ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். ஐந்து வருடம் கழித்து எலும்பு கரைந்து வருபவரை என்ன செய்வது என்பதைச் சொல்லித்தருபவர்கள் குறைவு. அப்படி ஒருவர் கிடைத்தால் சான்றிதழ் தராவிட்டாலும் அவரிடம் போங்கள்.

அமால்கம் (பாதரசம் கலந்த பல் அடைப்பு) நிற்கப்போகிறதாமே?
— புளியந்தோப்பு

ஆம். பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018இல் இணைந்தது. 2025 நவம்பரில் கூடிய உறுப்பு நாடுகள் 2034க்குள் பல் அமால்கத்தை நிறுத்த ஒப்புக்கொண்டிருக்கின்றன. பதினைந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் இப்போதே வேண்டாம். பழைய நல்ல ஃபில்லிங்குகளைப் பயந்து குடைய வேண்டியதில்லை. குடையும்போதுதான் ஆவி அதிகம் வரும். எடுக்கத்தான் வேண்டுமென்றால் ரப்பர் டேம் (பல்லை மட்டும் விட்டு வாயை மறைக்கும் ரப்பர் தாள்), நிறையத் தண்ணீர், ஹை வால்யூம் சக்‌ஷன். எடுத்த துண்டுகளும் அமால்கம் வந்த காலி கேப்சூல்களும் மஞ்சள் பையில் (எரிக்க அனுப்பும் மருத்துவக் கழிவுப் பை) போகக் கூடாது, எரித்தால் பாதரசம் காற்றில் கலந்துவிடும். இறுக மூடும் டப்பாவில் தனியாக, லேபிள் ஒட்டி வையுங்கள். அமால்கம் இருக்கும் பிடுங்கிய பல்லுக்கும் இதே விதி.