கண்ணாடி அறையும் எக்ஸாஸ்ட் விசிறியும்

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உணவகம் நடத்துகிறேன். உணவகங்களில் புகைக்கக் கூடாது என்ற 2019 தடைக்குப் பிறகு, இரவில் நெடுநேரம் உட்கார்ந்து பேசும் கூட்டம் குறைந்துவிட்டது. புகைப்பவர்களுக்கென்று கடைக்குள் ஒரு பக்கம் கண்ணாடி அடைத்து எக்ஸாஸ்ட் விசிறி மாட்டினால் யாருக்கு என்ன கெடுதல்? பப்புக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பப் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. 2004 புகையிலைக் கட்டுப்பாட்டு விதிமுறைகளிலேயே பப், டிஸ்கோ, கேசினோவுக்கெல்லாம் விலக்குக் கொடுத்திருந்தார்கள். அதே ஆண்டு அயர்லாந்து பப்பையும் சேர்த்தே தடை செய்தது. பப்பில் கிளாஸ் கழுவுகிறவருக்கும் நுரையீரல் இருக்கிறது. ஆனால் அந்த விலக்கைக் காட்டி உங்கள் கடைக்கும் ஒன்று கேட்பதை நான் ஏற்க மாட்டேன்.

விசிறிக் கணக்கைப் பாருங்கள். 20க்கு 20 அடி, 9 அடி உயரமுள்ள அறையில் ஏறக்குறைய 100 கன மீட்டர் காற்று இருக்கும். மணிக்கு 1,000 கன மீட்டர் இழுக்கும் விசிறி போட்டால் மணிக்குப் பத்துத் தடவை காற்று மாறும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே வரும் காற்று புகையோடு கலந்துதான் வெளியேறும். 6 நிமிடம் கழித்தும் 37 சதவீதப் புகை அறையிலேயே நிற்கும்; 5 சதவீதத்துக்கு இறங்க 18 நிமிடம் வேண்டும். அதற்குள் அடுத்த சிகரெட் பற்றியிருக்கும்.

இன்னொரு சிக்கல் மின் கட்டணம். விசிறி குளிர்ந்த காற்றை வெளியேற்ற, தெருவின் 32 டிகிரி ஈரக்காற்று உள்ளே வரும். ஏர்கோன் திணறும். கொஞ்ச நாளில் யாராவது விசிறியை அணைத்துவிடுவார்கள். ஸ்ப்லிட் ஏர்கோனோ அறைக் காற்றையே திரும்பத் திரும்பக் குளிரவைக்கிறது. அதன் வலையில் தூசி சிக்கும். ஒரு மைக்ரானுக்கும் சிறிய புகைத்துகள் சிக்காது. ஹெப்பா வடிகட்டி துகளைப் பிடித்தாலும் வாயுவை விட்டுவிடும். இவ்வளவுக்கும் பிறகு, தட்டெடுக்க உங்கள் பணியாளர் அந்த அறைக்குள் போயாக வேண்டும். அவர் கதவைத் திறக்கும்போது நிலையோரம் ஒரு ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள், காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும். காற்றோட்டத்தையே தொழிலாகக் கொண்ட அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே, கட்டடத்துக்குள் புகைப்பதை நிறுத்துவது ஒன்றே வழி என்று 2005-லேயே சொல்லிவிட்டது.

2024 அக்டோபர் 1 முதல், புகைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் 852-ஆம் சட்டம் நடப்பில் இருக்கிறது. வேப் எனும் மின்சிகரெட்டும் அதில் அடக்கம். தடை செய்த இடத்தில் புகைப்பவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம்.

நீங்கள் செய்யக்கூடியது வேறு. கடைசி மேசையின் விளிம்பிலிருந்து தடை எட்டும் 3 மீட்டரை டேப் பிடித்து அளங்கள். கடை வாசலின் ஐந்தடி நடைபாதை ஒன்றரை மீட்டர்தான் இருக்கும், ஆகவே தூணோரம் நிற்பது கணக்கில் சேராது. பக்கத்துக் கடையின் மேசையையும் சேர்த்து அளங்கள், அங்கேதான் தகராறு வரும். அந்த எல்லைக்கு அப்பால் மூடியுள்ள, மணல் நிரப்பிய தொட்டி ஒன்று வையுங்கள். மேசைமேல் சாம்பலுக்கென்று பால் டின்னை வைக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். டின் இருந்தால் வாடிக்கையாளர் கேட்காமலே பற்றவைப்பார்.